கிராம சபை இல்லாத ஊரில் யாரிடம் கேட்பது? (நாகர்கோவில்)

தோவாளைக்காரி:
பிள்ளைகள் படிப்புக்காகத் தோவாளைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோட்டாறு பக்கம் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் வருஷத்துக்கு 6 கிராம சபை. நவம்பர் 1 வந்தால் எனக்கு நாற்காலி போட்டே வைத்திருப்பார்கள், அவ்வளவு கேள்வி கேட்பேன். இங்கே 52 வார்டு, எங்கே போய்ப் பேசுவது என்றே பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெரு மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஓடை சிலாப் ஒன்று உடைந்து கிடக்கிறது. முழங்கை நீளத்துக்குக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது. மகனின் சைக்கிள் சக்கரம் அதில் இறங்கி, தாடையில் 3 தையல். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன், நம்பர் போட்ட ரசீதும் வந்தது. ஒரு மாசம் கழித்து, மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்தின் பதில்: "இது எங்கள் பராமரிப்பில் இல்லை." அப்போ யார் பராமரிப்பில்? அதைச் சொல்லவில்லை.

வடசேரி வாசி:
நாங்களெல்லாம் வாழைமரம் நட்டுப் போட்டோ எடுத்துப் போடுவோம். ரெண்டே நாளில் ஆள் வந்துவிடும்.

பழைய ஓவர்சியர்:
வாழைமரத்தை ராத்திரி பைக்காரன் பார்க்கமாட்டான். அதைச் செய்யாதே மக்ளே.

நான் வேறு ஜில்லாவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். எங்கும் இதே கதைதான். டவுனுக்குள் இருக்கிறது என்பதால் எல்லா ரோடும் மாநகராட்சி ரோடு ஆகிவிடாது. உள்தெரு அவர்களுடையது. மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. தேசிய நெடுஞ்சாலை என்றால் அதற்குத் தனிப் பிரிவு. தெரு போய் மெயின் ரோட்டைத் தொடும் அந்த நாலடிதான் யாருக்கும் சொந்தமில்லாத இடம். உன் சிலாப் கச்சிதமாக அங்கேதான் கிடக்கிறது.

முதலில் பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருக்கிறதா பார். தலையில் மஞ்சள் பெயின்ட் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

அப்புறம் "சரி செய்து தாருங்கள்" என்று இன்னொரு மனு எழுதாதே. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேள்: இந்த இடத்து ஓடையைப் பராமரிப்பது யார்? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். சட்டப்படி 30 நாளில் பதில் தரவேண்டும். தகவல் அவர்களிடம் இல்லையென்றால் 6(3) பிரிவுப்படி 5 நாளைக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். சாதா மனு மாதிரி "எங்களுடையது இல்லை" என்று கைகழுவ முடியாது.

கவுன்சிலரையும் பார். மாமன்றம் மாசா மாசம் கூடும், வார்டுப் பிரச்சினையை அவர் அங்கே எழுப்பலாம். வாய்ப்பேச்சாகச் சொல்லாதே, ரசீது நகலும் போட்டோவும் கையில் கொடு. வீட்டு வரி கட்டும் ஆளா நீ? அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

தோவாளைக்காரி:
அண்ணாச்சி, வாடகை வீடுதான், வரி ஓனர் பாடு.

கல்லைத் தேடிப் பிடித்துவிட்டேன். டீக்கடைக்குப் பின்னால் பாதி மண்ணுக்குள், மேலே கட்சி போஸ்டர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மஞ்சள்தான். கடைக்காரர், "எக்கா, நீங்க சர்வே ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். ஸ்டாம்ப் வாங்கியாச்சு, நாளைக்கு ரிஜிஸ்டர் தபாலில் போகிறது. அதுவரைக்கும் சிலாப் மேல் சிவப்புத் துணி கட்டின ஒரு பழைய குடம்.