சாப்பாட்டு ஜெபத்தில் ஒரு கல்: கல்யாண விருந்தில் லத்தீன் கேட்டவர்கள் உண்டா?

பர்மிங்ஹாம் வாசி:

இங்கிலாந்துக்கு வந்து நான் பார்த்த முதல் கல்யாணம், கூட வேலை பார்த்த பெண்ணுடையது. பெண் ஆங்கிலேயர், மாப்பிள்ளை பிரான்சில் லியோன் நகரத்துக்காரர். கோவிலில் எல்லாம் முடிந்து, புல்வெளியில் போட்டோ எடுத்து ஓய்வதற்குள் சாயங்காலம் நாலு மணி. அப்புறம்தான் சாப்பாடு. அதற்குப் பெயர் ‘வெட்டிங் பிரேக்ஃபாஸ்ட்’. எத்தனை மணிக்குப் போட்டாலும் இங்கே அதே பெயர்தான். காலையில் ஒரு ரொட்டித் துண்டோடு கிளம்பியிருந்த எனக்கு அந்தப் பெயரில் எந்தக் குற்றமும் தெரியவில்லை.

சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் சின்னச் சுத்தியலால் மேசையைத் தட்டி, பெண்ணின் பெரியப்பா ஜெபம் சொல்லுவார் என்று அறிவித்தார். பெரியப்பா ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார். எல்லோரும் எழுந்து தலை குனிந்தோம். பூசைக்கு நிற்பது போன்ற முகத்தோடு அவர் சொன்னார்:

“பெனெதிக், தோமினே, நோஸ் எத் ஹுங்க் கல்லும், க்வெம் சூமுஸ் சும்ப்தூரி.”

எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: ‘கல்லும்’. சோற்றில் கல் கிடக்கும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர்களும் என்னைப் போலத்தான், ஆனால் அவர்களுக்குக் கல்கூடக் கிடைக்கவில்லை. கண்ணை மூடி ‘ஆமென்’ சொல்லத் தயாராக நின்றார்கள்.

அப்போது மாப்பிள்ளையின் பாட்டிக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. எண்பது தாண்டியவர், கத்தோலிக்கக் கோவில்களில் பூசை, அதாவது திருப்பலி, லத்தீனில் நடந்த காலத்துப் பிள்ளை. அழுகிறார் என்று நினைத்து மகன் கையைப் பிடித்தார். பாட்டி அவர் காதில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவர் சிரித்து, அடுத்தவரிடம் சொல்லி, அவர் சிரித்து... சரவெடிக்குப் பற்றவைத்த மாதிரி மேசை நெடுக ஓடியது. பிரெஞ்சுப் பக்கம் சிரித்து முடித்த பிறகு, அவர்களே எங்கள் பக்கத்துக்கு மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலேயர் லத்தீனில் சொன்ன ஜோக்கை ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சுக்காரர் விளக்கிய காட்சியை இனி எங்கே பார்க்கப் போகிறேன்!

விஷயம் இதுதான். கத்தோலிக்கர்களின் வழக்கமான சாப்பாட்டு ஜெபத்தில் “எங்களையும், உமது கொடையாக நாங்கள் உண்ணப்போகும் இவற்றையும் ஆசீர்வதியும்” என்று வரும். பெரியவர் ‘கொடை’யை எடுத்துவிட்டு ‘கல்லுஸ்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டார். லத்தீனில் கல்லுஸ் என்றால் சேவல். அதே சொல்லுக்குப் பழங்காலத்து ‘கால்’ (Gaul) என்ற நாட்டுக்காரன் என்றும் பொருள். அந்த நாடுதான் இன்றைய பிரான்ஸ். பிரெஞ்சுக் கால்பந்து அணியின் சட்டையில் சேவல் நிற்பதும் இந்தச் சிலேடையால்தான். ‘சும்ப்தூரி’ என்பதிலும் ஒரு வேலை இருக்கிறது: உண்ணப் போகிறோம், ஏற்றுக்கொள்ளப் போகிறோம், இரண்டும் அதற்குள் அடங்கும். ஆக, “ஆண்டவரே, எங்களையும் நாங்கள் தின்னப்போகும் இந்தச் சேவலையும் ஆசீர்வதியும்.” அல்லது, “எங்களையும், நாங்கள் ஏற்றுக்கொள்ளப்போகும் இந்தப் பிரெஞ்சுக்காரனையும் ஆசீர்வதியும்.” தட்டில் வந்ததும் கோழிதான். இந்த ஊர்க் கல்யாணத்தில் வேறென்ன வரும்?

என்னைக் கவர்ந்தது அந்தப் பெரியவரின் முகம். கடைசி வரை அவர் சிரிக்கவே இல்லை. யாருக்கும் முன்னால் சொல்லி வைக்கவும் இல்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அப்புறம் உண்மையான ஜெபத்தை முழுதாகச் சொல்லி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தோழன் கையில் அச்சடித்த தாளோடு இருபது நிமிடம் சொன்ன ஜோக்கில் ஒன்றுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

இந்த மாதிரி யாருக்காவது வாய்த்திருக்கிறதா?

பீடச் சிறுவனின் பேத்தி:

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். எங்கள் தாத்தாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர். 1950களில் பூசைக்கு உதவிய பையன். உபதேசியார் சொல்லிக் கொடுத்த லத்தீன் பதில்களை அர்த்தம் தெரியாமல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாராம். பத்து வயதில் தினமும் காலையில் “என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம்” என்று சொல்லியிருக்கிறோம் என்பதே எழுபது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. “தெரிஞ்சிருந்தா இளமையைக் கொஞ்சம் கவனிச்சிருப்பேன்லா” என்பார்.

லண்டனில் அக்கா கல்யாணம். அத்தான் அயர்லாந்துக்காரர். விருந்தில் தாத்தாவை ஜெபம் சொல்லச் சொன்னார்கள். அவருக்கு ஆங்கிலம் கூச்சம். எழுந்து, பழைய பூசை ராகத்தில், “தோமினுஸ் வோபிஸ்கும்” என்று இழுத்தார். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த அயர்லாந்துக் கிழவர்கள் ஏழெட்டுப் பேர், யாரோ பொத்தானை அழுத்தினதுபோல, “எத் கும் ஸ்பிரிதூ தூவோ” என்றார்கள். ‘ஆண்டவர் உங்களோடு’, ‘உமது ஆவியோடும்’. அறுபதுகளின் நடுவில் பூசை அவரவர் மொழிக்கு மாறியதிலிருந்து கேட்காத சத்தம். இளசுகள் எல்லாம் இது ஒத்திகை பார்த்த நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தாத்தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் கைவசம் இருந்த லத்தீன் அதோடு தீர்ந்துவிட்டது. ராகத்தை மட்டும் விடாமல், “சோறு ஆறிப் போகுது ஆண்டவரே, சுருக்கா ஆசீர்வதியும்” என்று தமிழிலேயே பாடி முடித்தார். எங்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். அயர்லாந்துப் பக்கம் பக்தியோடு “ஆமென்” சொன்னது. ஒரு கிழவர் பிறகு என்னிடம் வந்து, தாத்தாவின் லத்தீன் உச்சரிப்பு அபாரம், கடைசி வரி மட்டும் தனக்குப் பழக்கமில்லாத பாடம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

யார்க்ஷயர் மருமகன்:

நான் கேட்டது லத்தீனே இல்லை. மச்சான் கல்யாணத்தில் தோழன் எழுந்து, கைகூப்பி, ஓதினான்: “ஓ சிபிலி, சி எர்கோ, ஃபோர்டிபுஸ் எஸ் இன் எரோ. ஓ நோபிலி, தெமிஸ் ட்ரக்ஸ். சி வாட்ஸ் இனெம்? காசன் டக்ஸ்.” பாதிக் கூடம் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டது.

வேகமாகப் படித்துப் பாருங்கள். ‘ஓ ஸீ பில்லி, ஸீ ஹர் கோ, ஃபார்ட்டி பஸ்ஸஸ் இன் எ ரோ. ஓ நோ பில்லி, தெம் இஸ் ட்ரக்ஸ். ஸீ வாட்ஸ் இன் எம்? கௌஸ் அண்ட் டக்ஸ்.’ வரிசையாக நாற்பது பஸ், பஸ் இல்லையடா லாரி, உள்ளே மாடும் வாத்தும்! லத்தீன் வகுப்புப் பிள்ளைகளிடம் வெகுகாலமாக ஓடும் விளையாட்டாம். அன்று மெனுவில் இருந்த இரண்டும் மாட்டிறைச்சியும் வாத்தும்தான். அதற்காகவே அவன் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று தெரிந்தபோது மரியாதை வந்தது.

கண்ணை மூடியவன்:

எனக்கு நடந்தது சிறியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரிக் கூடத்தை வாடகைக்கு எடுத்து வைத்த விருந்து. லத்தீன் ஜெபம் உண்டு என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். நீளமாக இருக்கும் என்று நன்றாக ஊன்றி நின்று கண்ணை மூடினேன். “பெனெதிக்துஸ் பெனெதிகாத்.” அவ்வளவுதான், ‘ஆசி பெற்றவர் ஆசி அளிப்பாராக’, இரண்டே சொல். அந்தக் கல்லூரிகளில் வழங்கும் குட்டி ஜெபம் அது. நான் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ‘இவர் ரொம்பப் பக்திமான்’ என்று என் மனைவி சமாளித்தாள்.

நாசரேத்துக்காரி:

சிரித்துக்கொண்டே படித்தேன், ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஜெபத்தில் விளையாடலாமா? எங்கள் அம்மா இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்.

பர்மிங்ஹாம் வாசி:

அம்மாவின் கோபம் நியாயம்தான் அக்கா. இடைக்கால ஐரோப்பாவில் லத்தீன் படித்தவர்களே பூசையை அப்படியே பகடி செய்து ‘குடிகாரர் பூசை’ எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்கள் பெரியவர் ரொம்பச் சாது. யார்க்ஷயர் பையன் செய்ததில் எனக்கும் கொஞ்சம் நெருடல்தான், அவன் ‘ஆமென்’ சொன்னவர்களைக் கேலி செய்துவிட்டான். பெரியவர் மாப்பிள்ளையை மட்டுமே கிண்டல் செய்தார். அப்புறம் நிஜ ஜெபத்தையும் சொன்னார்.

பீடச் சிறுவனின் பேத்திக்கு: தாத்தாவின் கடைசி வரியை ராகத்தோடு ஒலிப்பதிவு செய்து போட முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது.