பேக்கேஜ் நிறுவும்போது கொட்டும் பைதான் எச்சரிக்கைகள்: அடக்குவதா, திருத்துவதா?

மடிவாளாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. எங்கள் கருவிகளுக்காக டெபியன் லினக்ஸை வைத்து ஒரு டிஸ்ட்ரோ (எங்கள் சொந்த லினக்ஸ் தொகுப்பு) பராமரிக்கிறோம். டெபியன் 12-இலிருந்து 13-க்கு, அதாவது பைதான் 3.11-இலிருந்து 3.13-க்கு, வந்ததிலிருந்து பேக்கேஜ் நிறுவ ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தாலே 'சின்டாக்ஸ் வார்னிங்: இன்வேலிட் எஸ்கேப் சீக்வென்ஸ்' (சரத்தில் பேக்ஸ்லாஷுக்குப் பின் பைதானுக்குத் தெரியாத எழுத்து) என்று திரை முழுக்க ஓடுகிறது. அப்புறம் நிரலை ஓட்டினால் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. வாடிக்கையாளர்கள் பயந்துபோய் போன் செய்கிறார்கள். டீம் லீட், "எச்சரிக்கையை இக்னோர் பண்ணிவிடு, சத்தம் நிற்கும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை பேக்கேஜையும் எப்படித் திருத்துவது?

ஜெயநகர் பேக்கேஜர்:
தயவுசெய்து அடக்காதீர்கள். பைதான் 3.6-லேயே இந்த எச்சரிக்கை வந்துவிட்டது. அப்போது அது வழக்கமாகக் காட்டப்படாத டெப்ரிகேஷன் வார்னிங் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 2023-இல் 3.12 வந்தபோதுதான் சின்டாக்ஸ் வார்னிங் ஆக்கினார்கள். ஒருநாள் இதைப் பிழையாகவே ஆக்குவது அவர்கள் திட்டம். அன்று அந்த ஃபைல் இம்போர்ட்டே ஆகாது.

நிறுவும்போது மட்டும் வருவதற்குக் காரணம், டெபியனில் நிறுவலின் கடைசியில் பை3கம்பைல் என்ற கருவி ஓடி பைட்கோட் (பைதான் நேரடியாக ஓட்டும் வடிவம்) உருவாக்குகிறது. எச்சரிக்கை கம்பைல் ஆகும்போதுதான் எழும். பிறகு ஓடுவதெல்லாம் சேமித்த பைட்கோட். ஆகவே இதைப் பிடிக்க வேண்டிய இடம் உங்கள் பில்ட் சர்வர், வாடிக்கையாளர் திரை அல்ல. பில்ட் முடிந்ததும் எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளும்படி, எல்லா ஃபைலையும் கம்பைல் செய்யும் பைதானின் கம்பைல்ஆல் மாட்யூலை ஓட்டுங்கள். முதலில் பட்டியல் மட்டும் எடுங்கள், பில்டை நிறுத்த வேண்டாம்.

திருத்தும்போதுதான் நிதானம் வேண்டும். எல்லா சரத்துக்கும் முன்னால் 'ஆர்' போட்டு ரா ஸ்ட்ரிங் (பேக்ஸ்லாஷை வெறும் எழுத்தாகவே எடுக்கும் சரம்) ஆக்கும் ஸ்கிரிப்டை நம்பாதீர்கள். ஒரு கான்ஃபிக் வரியை ஃபைலில் எழுதும் சரம், நடுவில் பேக்ஸ்லாஷ்-புள்ளி, கடைசியில் வரி முறிவுக்கான பேக்ஸ்லாஷ்-என் என்று வையுங்கள். 'ஆர்' போட்டால் எச்சரிக்கை போய்விடும், கூடவே வரி முறிவும் போய்விடும். ஃபைலில் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அங்கே பேக்ஸ்லாஷை இரட்டிப்பதுதான் சரி.

இன்னொன்று இதைவிட நுட்பம். ஒரு ரெஜெக்ஸில் (உரையில் தேடும் வடிவக் குறிப்பு) பேக்ஸ்லாஷ்-பி, பேக்ஸ்லாஷ்-டி இரண்டும் இருந்தால் பைதான் 'டி'க்கு மட்டும்தான் எச்சரிக்கும். சாதாரண சரத்தில் 'பி' என்பது பேக்ஸ்பேஸ், செல்லுபடியாகும் எஸ்கேப். எழுதியவர் நினைத்தது, ரெஜெக்ஸில் 'பி' குறிக்கும் சொல் எல்லையை. அந்த ரெஜெக்ஸ் இத்தனை வருஷமும் எதையும் பிடிக்காமலே இருந்திருக்கும்! இங்கே 'ஆர்' போட்டால் பழைய பிழையே சரியாகும், ஆனால் நிரலின் நடத்தை மாறும். டெஸ்ட் இல்லாமல் அனுப்பக் கூடாது.

எச்சரிக்கையின் வாயை அடைத்திருந்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்குமா?

கோரமங்களா டெவ்ஆப்ஸ்:
பைதான் நிரலைச் சரிபார்க்கும் ரஃப் கருவியின் டபிள்யூ605 விதி இதற்கு உதவும். சரத்தில் வேறு நல்ல எஸ்கேப் இருந்தால் அது 'ஆர்' போடாமல் பேக்ஸ்லாஷையே இரட்டிக்கும். அண்ணா சொன்ன பேக்ஸ்பேஸ் கதையை மட்டும் அது அப்படியே விட்டுவிடும், கண்ணால்தான் பார்க்க வேண்டும். டெபியன் பேக்கேஜ்களைச் சோதிக்கும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் வைத்திருந்தால் ஒன்று: ஸ்டாண்டர்ட் எரரில் (எச்சரிக்கையும் பிழையும் போகும் வெளியீடு) ஏதாவது எழுதினாலே டெஸ்ட் தோல்வி என்பதுதான் அதன் இயல்பு. அதைத் தளர்த்தாதீர்கள்.

மடிவாளாக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. மூல ஆசிரியர் பதிலே சொல்லாத பேக்கேஜ்களை என்ன செய்வது?

ஜெயநகர் பேக்கேஜர்:
முதலில் டெபியன் சிட்டில் (டெபியனின் வளர்ச்சிக் கிளை) யாராவது ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்களா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் பேட்ச் எழுதி டெபியன் பக் டிராக்கருக்கும் அனுப்புங்கள். உங்களிடம் மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் நீங்களே சுமக்க வேண்டும். இதோடு முடியாது, பைதான் 3.14-இல் ஃபைனலி பிளாக்குக்குள் ரிட்டர்ன் இருந்தாலும் எச்சரிக்கை வருகிறது. ஆகவே பில்டில் வைத்த அந்த கம்பைல்ஆல் சோதனையை எடுத்துவிடாதீர்கள்.