ரேஷன் ராகி: சாப்பாடு மாறுதா, மூட்டைதான் மாறுதா?

மேட்டுக்காட்டான்:
2023-ல நீலகிரியிலயும் எங்க தர்மபுரியிலயும் ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி போட ஆரம்பிச்சாங்க. இதை நான் முழுசா ஆதரிக்கிறேன். எங்க பாட்டி காலத்துல நெல்லுச்சோறுன்னா நோம்பி நாள்லதான். தினப்படி களியும் கொள்ளுக்குழம்பும். 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. தீட்டின அரிசியில பத்து, பன்னெண்டு தேறினா அதிகம். சாப்பிடறவங்களுக்கு மட்டுமில்ல, விளைவிக்கிறவனுக்கும் பலன் இருக்கு: ராகிக்கு ஆதரவு விலை 2022-23-ல குவிண்டாலுக்கு 3,578 ரூபா, 2024-25-ல 4,290 ரூபா. அரசே கொள்முதல் பண்ணினா வியாபாரி சொல்ற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. இதுல குறை சொல்ல என்ன இருக்கு?

கீரைக்காரி:
அண்ணே, பாட்டி களி தின்னாங்கன்னு எழுதினீங்க. பாட்டி அதைக் கிண்ட எந்நேரம் எழுந்தாங்கன்னு எழுதலையே.

ரேஷன் அரிசியைக் களைஞ்சு உலையில போட்டா சோறு. ராகி அப்படியா? புடைக்கணும், கல்லு பொறுக்கணும், கழுவிக் காயவைக்கணும், அப்புறம் மில்லுக்குத் தூக்கிட்டுப் போகணும். எங்க ஊர்ல மாவு மில் மூடி வருஷக்கணக்காச்சு. பஸ் ஏறித்தான் போகணும். 2 கிலோ அரைக்க அரைநாள் கூலியை யார் விடுவா? நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளை காலையில எட்டு மணிக்குள்ள சமைச்சு வெச்சுட்டுக் கிளம்பணும். அதனால அந்த ராகி எங்க தெருவுல பாதி வீட்டுல கோழிக்குப் போகுது. இதுதான் நான் கண்ணால பார்க்கிறது.

பருப்பும் முட்டையும்:
ரெண்டு பேரும் தானியத்தையே சுத்தி வர்றீங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. அது ராகியால மட்டும் தீராது. சத்துணவுல பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 2010-ல இருந்து வாரம் 5 முட்டை. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு? வீட்டுல ரசமும் சோறும்தான். எனக்கு விருப்பம் கேட்டா, 2 கிலோ ராகிக்குப் பதிலா துவரம்பருப்பை இன்னொரு கிலோ கூட்டிக் கொடுங்கம்பேன்.

மேட்டுக்காட்டான்:
தம்பி, பருப்பு வேணாம்னு நான் சொல்லல. ஆனா எங்க மண்ணுல மழையை நம்பி விளையறது ராகியும் சாமையும்தான். உள்ளூர்ல விளையறதை விட்டுட்டு வெளியிலிருந்து வர்ற மூட்டைக்குக் காத்திருக்கிறது எனக்கு ஒப்பலை. கீரைக்காரி தங்கச்சி சொன்ன மில்லு விஷயத்தை நான் யோசிக்கல, ஒத்துக்கிறேன். எங்க வீட்டுல அம்மாதான் அரைச்சுட்டு வருவாங்க. நான் போனதில்ல.

கொல்லிமலை அடிவாரம்:
மில்லைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். எங்க மலையில சாமை, தினை, ராகி எல்லாம் இருந்துச்சு. மரவள்ளிக்கு ரொக்கம் வந்ததும் காடு அதுக்கு மாறிப்போச்சு. காசு மட்டும் காரணமில்ல. சாமையை உரல்ல குத்தி உமி நீக்குறது எவ்வளவு பெரிய பாடுன்னு குத்தினவங்களுக்குத்தான் தெரியும். கை காப்புக் காய்ச்சிடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க வேலை செஞ்சப்போ விதை கொடுத்ததோட நிக்கல. உமி நீக்குற, மாவு அரைக்கிற மெஷினை ஊருக்குள்ளயே வெச்சு, மகளிர் குழுக்கள் கையில நடத்தக் கொடுத்தாங்க. மரவள்ளி போயிடுச்சான்னா இல்ல, இன்னும் பாதி மலை அதுதான். ஆனா மெஷின் பக்கத்துல இருந்தாத்தான் வீட்டுல சாமைச்சோறு வேகும்.

பருப்பும் முட்டையும்:
அண்ணே, மெஷின் வெச்சாலும் 2 கிலோ 2 கிலோதானே. நாலு பேர் வீட்டுல நாலு வேளைக் களி. மாசத்துக்கு நாலு வேளைக்கு இத்தனை ஏற்பாடா?

கீரைக்காரி:
அந்தக் கணக்கு சரிதான் தம்பி. அதனாலதான் சொல்றேன், தானியமா போடாதீங்க, மாவா போடுங்க. அங்கன்வாடியில சத்துமாவு பாக்கெட்டாத்தானே கர்ப்பிணிக்குத் தர்றாங்க? அம்மாக்காரி வெந்நீர்ல கரைச்சாவது குடிக்கிறா. ராகியையும் நம்ம ஊர் குழுப் பொண்ணுங்க அரைச்சுக் கட்டினா கூலியும் இங்கயே நிக்கும்.

மேட்டுக்காட்டான்:
மாவு ஒரு மாசத்துல வண்டு விழுந்துடும், கலப்படமும் வரும். கையில தானியம் இருந்தா என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். மாவு பாக்கெட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஊருக்கு ஒரு மில்லு, அதுக்கு வேணா கையெழுத்துப் போடறேன்.

கீரைக்காரி:
சரி, மில்லே வரட்டும். அக்டோபர் 2 கிராம சபையில நானும் எங்க குழுவும் மனு கொடுக்கிறோம். உங்க ஊர்லயும் கொடுங்க. ஒண்ணு மட்டும் அண்ணே, மில்லு வந்ததும் முதல் மூட்டையை நீங்க தூக்கிட்டுப் போங்க. அம்மாவை அனுப்பாதீங்க.