பூக் கேட்டு எடுத்த முடிவுகள்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

வெள்ளக்கோயில் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கம் பெண் கொடுப்பது, காடு வாங்குவது, வீட்டுக்கு வாசக்கால் வைப்பது எதுவானாலும் "சாமிகிட்டப் பூக் கேட்டாச்சுங்களா?" என்று ஒரு பேச்சு வரும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு. நம்புகிறவர்களும் எழுதுங்கள், நம்பாதவர்களும் எழுதுங்கள். எங்கள் தோட்டத்தில் நடந்ததை நான் சொல்கிறேன்.

கிணறு வற்றி, போர் போட்டே ஆகவேண்டும் என்று வந்த வருஷம். ஜியாலஜி படித்தவர் கருவியோடு வந்து, தரையில் கம்பி அடித்துக் கரண்ட் விட்டுப் பார்த்து, வடகிழக்கு மூலையைக் காட்டினார். நீரோட்டம் பார்க்கிற பெரியவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். வேலியோர வேப்பமரத்தடியில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. அப்பா மூலை என்றார், பெரியப்பா வேம்படி என்றார். எங்கள் மண்ணுக்குக் கீழே எல்லாம் பாறை. பாறை வெடிப்பில்தான் தண்ணீர். அந்த வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று மேலே நின்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இருந்த பணமோ ஒரு போருக்குத்தான். ரிக் வண்டிக்கு அடிக்கணக்கில் கூலி, கேசிங் பைப் தனி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

பூக் கேட்டுவிடலாம் என்றது ஆத்தாதான். ஆனால் கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு பேரையும் திண்ணையில் உட்கார வைத்தார். "எந்தப் பக்கம் வந்தாலும் செலவு பாதிப் பாதி. தண்ணி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் அப்பவே சொன்னேன்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. சரின்னா எந்திரிங்க." அப்பா எழுந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

பூ வேம்படிக்கு வந்தது. 900 அடி ஓட்டியும் வெறும் புகை. கல்தூள் வெள்ளையாகப் பறந்து வேப்பிலை மேலெல்லாம் படிந்ததுதான் மிச்சம். பெரியப்பா தலை நிமிரவில்லை. அப்பா பக்கத்தில் போய், "விடுங்கண்ணா, வண்டிக்காரருக்குக் கணக்கை முடிச்சு அனுப்புவோம்" என்றார். பிறகு பணம் சேர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே மூலையில் போட்டார்கள். சுமாரான தண்ணீர், சொட்டுநீருக்குக் காணும்.

பூவுக்கு நிலத்தடி தெரியும் என்று நான் நினைக்கவில்லை. திண்ணையில் ஆத்தா வாங்கிய சம்மதம் இல்லையென்றால் அந்தப் புகையோடு எங்கள் குடும்பமும் இரண்டாகியிருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

காங்கேயத்திலிருந்து:

சிவன்மலையில் கோயிலே பூக் கேட்கிறது. முருகன் கனவில் வந்து ஒரு பொருளைச் சொன்னார் என்று பக்தர் ஒருவர் வந்து நின்றால், அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சாமி முன்னால் பூ வைத்துக் கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருள், கோயிலில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் போகும். வேறொருவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும், இத்தனை நாள் என்ற கணக்கு கிடையாது. மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது. கனவு கண்டேன் என்பவர் சொல்லையும் ஒருமுறை சோதித்துவிட்டு ஏற்பது நல்ல வழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாராபுரம் பக்கத்திலிருந்து:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி இல்லை.

பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்க வேண்டும் என்று சொன்னேன். கல்லூரி வெளியூர், ஹாஸ்டலில் தங்க வேண்டும். மாமா, சித்தப்பா எல்லோரும் கூடிப் பேசி, பூக் கேட்டுவிடலாம் என்றார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? "புள்ளைய வெளியூர் அனுப்பலாமா, வேண்டாமா?" சிவப்பு வந்தது. அதோடு முடிந்தது. உள்ளூரில் கிடைத்த பட்டப்படிப்பைப் படித்தேன். கல்யாணம் ஆனது, குழந்தைகள் இருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பூக் கேட்டதற்கு இரண்டு வருஷம் முன்பு என் அண்ணன் சென்னைக்குப் படிக்கப் போனபோது யாரும் பூக் கேட்கவில்லை. பெட்டி வாங்கினார்கள், பஸ் ஏற்றிவிட்டார்கள். சிவப்புப் பூ வந்ததுகூட எனக்கு அத்தனை வலிக்கவில்லை. எனக்கு மட்டும் கேள்வி இருந்ததே, அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

ஈரோட்டிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. "அந்தக் கேள்விக்கு நான் பூ வெச்சிருக்க மாட்டேன் கண்ணு" என்றார். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. வரன் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது "பொண்ணைக் கேட்டீங்களா?" என்றுதான். கேட்கவில்லை என்றால் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் சில பேர் வேறு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அதற்கு அவர் கவலைப்பட்டதில்லை.

உடம்பு சரியில்லாத விஷயத்துக்கும் பூ வைக்க மாட்டார். நெஞ்சுவலி வந்த ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்க வந்தவர்களைத் திருநீறு மட்டும் கொடுத்து, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மற்றபடி பொட்டலம் கட்டுவதில் அத்தனை கவனம். ஒரே வாழையிலையில் கிழித்த இரண்டு துண்டு, பூவின் எண்ணிக்கை ஒன்றுபோல, முடிச்சும் ஒன்றுபோல. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. எடுக்கிற குழந்தை கேட்க வந்த வீட்டுக் குழந்தையாக இருக்கக்கூடாது. வந்த பதில் பிடிக்காமல் மறுபடி கேட்க வந்தால் கிடையாது.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து:

குழந்தையை எடுக்கச் சொல்வது இங்கே உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று இரண்டு கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். ஆனால் கல்வெட்டு நீண்டு போவது இதற்காக இல்லை; யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்காக. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், கல்வி. கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவர் உறவினரும் கூடாது. அது பிராமணர் குடியிருப்பின் சபை, பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது பாகப்பிரிவினை நடக்கப்போகிறது, சீட்டுப் போட்டுத்தான். அக்காவும் சீட்டு எடுப்பார். சொந்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை என்று அம்மாவே அவர்களுக்குச் சொல்லிவிட்டார். சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் சீட்டு. கிணறும் வண்டிப்பாதையும் யார் பங்கில் விழுந்தாலும் எல்லோருக்கும் பாத்தியம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். கரண்ட் சர்வீஸ் அப்பா பெயரில் ஒன்றுதான் இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது என்று இன்னும் பேசவில்லை. இதில் அனுபவப்பட்டவர்கள், சீட்டுக்கு முன்னால் வேறு என்னென்ன பேசி முடித்தீர்கள் என்று எழுதுங்கள்.