பையன் பருவமடையத் தொடங்கிவிட்டானா? எல்.எச் 0.4, டெஸ்டோஸ்டிரோன் 24

முதுநிலை_குழந்தைநலம்:
வணக்கம். 13 வயது 8 மாதப் பையன், வகுப்பிலேயே குள்ளம். காலை 8 மணி ரத்தத்தில் எல்.எச் (விரையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) 0.4 ஐயு/லிட்டர், எஃப்.எஸ்.எச் (அதன் கூட்டாளி ஹார்மோன்) 2.1, டெஸ்டோஸ்டிரோன் 24 நானோகிராம்/டெசிலிட்டர். எல்.எச்சுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் எதிரே அறிக்கையில் 'குறைவு' என்று போட்டிருக்கிறது. விரை இரண்டு பக்கமும் 3 மிலி. பிறப்புறுப்பைச் சுற்றி லேசாக ரோமம் இருக்கிறது. டி.எச்.இ.ஏ.எஸ் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) வயதுக்கேற்ற அளவில்தான். பெண் பிள்ளை என்றால் வயதுக்கு வந்த நாளைக் குறித்து வைக்கிறோம், பையனுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. தொடக்கம் என்று சொல்ல எந்த ஹார்மோனை நம்புவது? உடனே ஊசி போட வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நாளமில்சுரப்பி_ஓபி:
ஊசி வேண்டாம் டாக்டர். இந்தப் பையனுக்குத் தொடங்கிவிட்டது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் 'குறைவு' முத்திரையை முதலில் மறந்துவிடுங்கள். 1.7 – 8.6 மாதிரியான பெரியவர்களின் எல்லையை வைத்துக் கணினி போடும் முத்திரை அது. பருவத்துக்கு முந்தைய பையனுக்கு, நுண்ணிய முறையில் பார்த்தால், எல்.எச் பெரும்பாலும் 0.3-க்குக் கீழேதான் இருக்கும். காலையில் 0.3-ஐத் தாண்டினால் ஹைபோதலாமஸ் (மூளையில் பருவத்தைத் தொடங்கிவைக்கும் பகுதி) விழித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். டெஸ்டோஸ்டிரோன் காலை 8 மணிக்கு 20-ஐத் தாண்டிய பையன்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றேகால் ஆண்டுக்குள் விரை 4 மிலியை, அதாவது பருவம் வெளியே தெரியத் தொடங்கும் அளவை, எட்டிவிடும். உங்கள் பையனுக்கு இரண்டுமே தாண்டியிருக்கிறது.

காலை ரத்தம்தான் வேண்டும். தொடக்கத்தில் எல்.எச் துடிப்பு தூக்கத்தில் மட்டும்தான் வரும். விடியும்போது டெஸ்டோஸ்டிரோன் ஏறி நிற்கும், பகலில் இறங்கிவிடும். பிற்பகல் 3 மணிக்கு எடுத்த ரத்தத்தை வைத்து 'தொடங்கவில்லை' என்று எழுதுவது தப்பு. எஃப்.எஸ்.எச் முன்னும் பின்னும் அதிகம் வேறுபடாது, அதை வைத்துத் தொடக்கத்தைப் பிரிக்க முடியாது. டி.எச்.இ.ஏ.எஸ் அட்ரீனலின் கணக்கு. ரோமம், வியர்வை நாற்றம் இரண்டும் அதனாலேயே வரலாம், விரை துளியும் வளராமல்.

விரையை அளக்கும்போது வெதுவெதுப்பான அறையில் படுக்க வைத்து, தோலை இழுத்துப் பிடித்து, பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற விந்துக் குழாய்ச் சுருளைச் சேர்க்காமல், மறு கையில் ஆர்கிடோமீட்டர் (கன அளவு குறித்த மணிமாலை) மணிகளோடு ஒப்பிடுங்கள். ஸ்கேனில் வரும் கன அளவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை 4 மிலி எல்லையோடு ஒப்பிடக் கூடாது.

ஆய்வகம்_உயிர்வேதியியல்:
மேலே சொன்ன 0.3 என்ற எல்லை, 0.1-ஐயும் அதற்குக் கீழேயும் நம்பிக்கையாக அளக்கும் முறைக்குத்தான் பொருந்தும். உங்கள் ஆய்வகத்தின் கீழ் அளவு எல்லை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெஸ்டோஸ்டிரோன் 20, 30 என்ற மட்டத்தில் எதிர்ப்பொருளை வைத்து அளக்கும் சாதாரண இம்யூனோ சோதனை கண்டபடி தவறும். மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் (எல்.சி-எம்.எஸ்) கேளுங்கள். அலகையும் பாருங்கள்: 24 நானோகிராம்/டெசிலிட்டர் என்பது 0.24 நானோகிராம்/மிலி, அதாவது 0.83 நானோமோல்/லிட்டர். அலகைக் கவனிக்காமல் 0.83-ஐ 20-ஓடு ஒப்பிட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

இன்னொரு பொறி பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறது என்று வீட்டில் வாங்கித் தரும் மாத்திரைகளில் 5, 10 மிகி இருக்கும். ஸ்ட்ரெப்டவிடின்–பயோட்டின் முறையில் (பயோட்டினையே பிடிப்பாக வைத்து அளப்பது) ஓடும் கருவியில் அது எல்.எச்சைக் குறைத்துக் காட்டும், டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும். எல்.எச் அமுங்கி, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் உயர்ந்திருப்பது விரைக் கட்டிக்கும் அட்ரீனல் கோளாறுக்கும் உரிய படம். இல்லாத கட்டியைத் தேடவேண்டி வரும்! ரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசுபவரா என்றும் கேளுங்கள். தோலோடு தோல் பட்டுப் பையனுக்கு ஏறினால் இதே படம் உண்மையாகவே வரும்.

முதுநிலை_குழந்தைநலம்:
நன்றி சார். லியூப்ரோலைட் தூண்டல் சோதனை (மருந்து போட்டு எல்.எச் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது) செய்யவேண்டியதில்லையா? இன்ஹிபின்-பி (விரை சுரக்கும் ஹார்மோன்)?

நாளமில்சுரப்பி_ஓபி:
தூண்டல் சோதனை 9 வயதுக்கு முன்பே அறிகுறி வரும் பையன்களுக்குத்தான் அதிகம் பயன்படும். நீரில் கரையும் லியூப்ரோலைட், கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் தோலடியில் போட்டு, 30, 60 நிமிடத்தில் எல்.எச் பாருங்கள். உச்சம் 5-ஐத் தாண்டினால் மையப் பருவமடைதல், அதாவது மூளையிலிருந்தே தொடங்கியது. மாத ஊசியான டிப்போவை அதே அளவில் இதற்கு எடுத்துவிடாதீர்கள். முன்கூட்டியே தொடங்கிய பையன்களுக்கு மூளை எம்.ஆர்.ஐ தவிர்க்கக் கூடாது.

இன்ஹிபின்-பி தாமதத்தில் உதவும். 14 தாண்டியும் விரை சின்னதாகவே இருந்து, இன்ஹிபின்-பி 35 பிகோகிராம்/மிலிக்குக் கீழே இருந்தால் பிறவி ஹைபோகொனடிசம் (பிறவியிலேயே விரை சரியாகச் செயல்படாத நிலை) பக்கம் சந்தேகம் கூடும். நல்ல அளவில் இருந்தால் வெறும் தாமதமாகவே இருக்கலாம். அதோடு, கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூளை மூக்கருகில் பிடித்துப் பாருங்கள். வாசனை தெரியவில்லை, பிறந்தபோது விரை இறங்கவில்லை என்றால் கால்மன் சிண்ட்ரோமை (வாசனை உணர்வும் பருவ ஹார்மோன் தூண்டலும் பிறவியிலேயே குறையும் கோளாறு) நினைக்க வேண்டும்.

14-க்குப் பிறகும் காத்திருக்க முடியாத பையனுக்கு மாதம் 50 மிகி டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர் ஊசி, 3 முதல் 6 மாதம். மிலிக்கு 250 மிகி ஆம்பூல் என்றால் 0.2 மிலிதான், முழு ஆம்பூலையும் ஏற்றிவிடக் கூடாது. அந்த ஊசியால் விரை வளராது. அதனால் சிகிச்சைக்குப் பின் விரை வளர்ந்திருந்தால் அது அவனுடைய சொந்த எல்.எச்சின் வேலை. இப்போதைக்கு ஆறு மாதம் கழித்து அதே மணிமாலையோடு, முடிந்தால் அளக்கும் ஆளையும் மாற்றாமல், திரும்ப அளந்து பாருங்கள்.