மறுமொழி: ஆல்கலினிட்டிக்கு என்ன சொல் வைப்பது? ‘கார இருப்பு’ என் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டிக் கையேட்டின் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பது ஆல்கலினிட்டிதான், அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலத்தை வாங்கிக்கொள்ளும் என்ற அளவு. இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: காரத்தன்மை, கார்பனேட் கடினத்தன்மை, தாங்குதிறன், அமில நடுநிலையாக்கத் திறன். நான் ‘கார இருப்பு’ என்று வைக்கலாம் என்கிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆல்கலினிட்டிச் சோதனையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சின்னக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். அதில் நிறங்காட்டி கலந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். தண்ணீர் நீலமாகிறது. இன்னொரு சொட்டு, மறுபடி நீலம். அப்புறம் ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாகிவிடுகிறது. அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் விடை. கடைகளில் கிடைக்கும் பல சோதனைப் பெட்டிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி (இங்கே டிகிரி என்பது ஆல்கலினிட்டியின் அலகு, வெப்பத்தின் அலகு அல்ல). 10 மில்லி எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி, இன்னும் நுட்பமாகப் படிக்கலாம்.

அத்தனை சொட்டு அமிலம் விழுந்தும் நீலம் மாறாமல் இருந்ததற்குக் காரணம், தண்ணீரில் இருந்த பைகார்பனேட்டும் கார்பனேட்டும் அந்த அமிலத்தை வாங்கிக்கொண்டதுதான். அவை தீர்ந்து, பி.எச். (தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்) 4.5 பக்கம் இறங்கும்போதுதான் நிறம் மாறுகிறது. ஆக, இந்தச் சோதனை தண்ணீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதில்லை. கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது.

இனி ஈப்போ ஐயாவின் கேள்வி:

> பாடநூல்களில் காரத்தன்மை என்றே இருக்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேட வேண்டும்?

ஐயா, நியாயமான கேள்வி. பாடநூல் சொல்லை எளிதில் விடக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் காரத்தன்மை என்றதும் நம்மவர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தமிழ்ப்பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாள்: சிவப்பு நீலமானால் காரம், பி.எச். 7க்கு மேல். அந்தப் பொருள் ஆழமாக ஊன்றிவிட்டது. இப்போது செடி வளர்க்கும் நன்னீர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறோம். கே.எச். (கடைப் பெட்டிகளில் ஆல்கலினிட்டிக்குப் போடும் குறியீடு) 6, பி.எச். 6.8. கையேட்டில் “இந்தத் தண்ணீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது, இதன் காரத்தன்மை 6” என்று எழுதினால் படிக்கிற பிள்ளை எதை நம்பும்? இரண்டும் உண்மை. சொல்தான் இடிக்கிறது. “அமிலத்தன்மை கொண்டது, ஆனால் கார இருப்பு 6” என்று எழுதிப் பாருங்கள், முரண் போய்விடுகிறது.

இந்தக் குழப்பத்தால் மீன்கள் சாகின்றன, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சிலாங்கூரிலும் பினாங்கிலும் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர். பினாங்குக்கு மூடா ஆறு. மென்னீர், கார இருப்பு குறைவு. டிஸ்கஸ், நியான் டெட்ரா மீன்களை வளர்ப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் வடிகட்டியில் உள்ள பாக்டீரியா மீன் கழிவின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அமோனியா நைட்ரஜன் 1 மில்லிகிராம் மாறுவதற்குள், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருப்பு கரைகிறது. ஒரு டிகிரி என்பதே லிட்டருக்கு 17.9 மில்லிகிராம்தான். மீன் நிறைந்த தொட்டியில், தண்ணீர் மாற்றாமல் விட்டால், அது எவ்வளவு நாள் தாங்கும்? இதில் மோசம் என்னவென்றால், இருப்பு தேய்கிற காலம் முழுக்க பி.எச். பெரிதாக அசையாது. தினமும் பி.எச். மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். இருப்பு தீர்ந்ததும் பி.எச். சரிந்துவிடும். பாக்டீரியா மந்தமாகும், அமோனியம் சேரும். அந்த நேரத்தில் பதறிப்போய் நிறைய புதுத் தண்ணீர் ஊற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்திருந்த அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும். “காரத்தன்மை பார்த்தேன், 7.2 இருந்தது, நல்லாத்தான் இருந்தது” என்று சொல்பவர்களிடம் எதைப் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கார்பனேட் கடினத்தன்மை ஜெர்மன் மொழியிலிருந்து வந்த பெயர். கே.எச். என்ற எழுத்துகளும் அங்கிருந்துதான் வந்தன. கடினத்தன்மை என்பது தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு. இந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதைப் பத்துமலையின் சுண்ணாம்புக்கல்லை வைத்தே விளக்கலாம். அந்தக் கல்லைக் கரியமில வாயு கலந்த தண்ணீர் கரைக்கும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே வருகின்றன. கடினத்தன்மையும் ஏறும், கார இருப்பும் ஏறும். இயற்கையில் பல இடங்களில் இவை இரண்டும் ஜோடியாகவே இருப்பதால் ஒரே பெயரில் அழைத்துவிட்டார்கள். ஆனால் தொட்டியில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுங்கள். கே.எச். ஏறும், கால்சியமும் மக்னீசியமும் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தக் கடினத்தன்மை கூடியது?

கடல்நீரில் இந்தப் பெயர் முற்றாக உடைந்துபோகிறது. லிட்டருக்குக் கால்சியம் 410 மில்லிகிராம் அளவிலும், மக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்குப் பக்கத்திலும் உள்ள தண்ணீர் அது. கடினத்தன்மை ஜெர்மன் டிகிரியில் 300ஐத் தாண்டும். அதைப் போய் “கடினத்தன்மை 7” என்று எழுதுவதா? போதாக்குறைக்கு, கடல்நீரின் இருப்பில் ஒரு சிறு பங்கு போரேட்டுக்கும் உண்டு. ஆகவே ‘கார்பனேட்’ என்பதும் முழுச் சரியில்லை.

பவளம் வளர்ப்பவர்களுக்கு இருப்பு என்ற சொல் இன்னும் பொருத்தம். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் ஒரு கணக்கில் எடுக்கிறது: கால்சியம் 20 மில்லிகிராம் குறைந்தால் கார இருப்பு 2.8 டிகிரி குறையும். 410இல் 20 போனால் கால்சியம் சோதனையில் கண்ணுக்கே படாது. 8இல் 2.8 போனால் யாருக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் கால்சியத்தைவிட இதை அடிக்கடி சோதிக்கிறார்கள், குறைந்ததை நாள்தோறும் ஈடுகட்டுகிறார்கள். “இன்று இருப்பு எவ்வளவு, நேற்று எவ்வளவு” என்றுதான் அவர்கள் பேச்சே போகும்.

தாங்குதிறன் அழகான சொல். ஆனால் தாங்கல் கரைசல் (ஆங்கிலத்தில் பஃபர்), தாங்கல் திறன் ஆகியவை வேதியியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே வழங்குகின்றன, அதில் கை வைக்க வேண்டாம். அமில நடுநிலையாக்கத் திறன் பொருளில் பிசகில்லாதது. விளக்கமாக ஒரு முறை எழுதலாம், பெட்டியின் மேல் ஒட்ட முடியாது.

‘இருப்பு’ என்று சொல்வது நான் கண்டுபிடித்ததும் அல்ல. இரத்தத்தில் உள்ள பைகார்பனேட்டை மருத்துவத்தில் காரச் சேமிப்பு என்ற பொருளிலேயே ஆங்கிலத்திலும் குறித்திருக்கிறார்கள். மலாயில் ‘கெஅல்காலியான்’ என்று மூலச்சொல்லோடு முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்து முடித்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதைத்தான் படிக்கப்போகிறார்கள். காரம் என்ற வேர் நம் சொல்லிலும் இருந்தால் அவர்களுக்கு இரண்டையும் இணைத்துப் பார்க்க எளிது. நான் ‘அமில ஏற்பு’ என்பது போன்ற சொல்லின் பக்கம் போகாததற்கும் இதுவே காரணம்.

ஐயாவின் கவலைக்கு ஒரு வழி: முதல் முறை வரும் இடத்தில் “கார இருப்பு, பாடநூல்களில் காரத்தன்மை” என்று போட்டுவிடலாம். அளவுக்கு ‘டிகிரி’யே இருக்கட்டும், ‘பாகை’ வேண்டாம். கடையில் யாரும் பாகை என்று கேட்கப்போவதில்லை.

பாக்கி இருப்பது, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் இந்தச் சோதனையின் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் தரம்பார்த்தல், இலங்கையில் நியமிப்பு. வீட்டுத் தொட்டிக்கு ‘சொட்டுச் சோதனை’ போதும் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூரிலிருந்து