1996 லேண்ட் க்ரூசர் 80: மெல்பர்னில் எதை முதலில் மாற்றுவது?

போடிமெட்டு எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் போடி. ஐந்து வருடமாக மெல்பர்னில் டார்னிட் பக்கம் இருக்கிறேன். போன மாதம் 1996 லேண்ட் க்ரூசர் 80 ஒன்று வாங்கினேன். ஜிஎக்ஸ்எல் ரகம், 1எச்இசட் டீசல் என்ஜின், 4.2 லிட்டர், டர்போ கிடையாது. 3,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ஏன் இந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பது வருடம் போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவர். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் சேறு முழங்கால் அளவு நிற்கும். இறங்கி, ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வரும் மார்ச்சில் அம்மாவும் அவரும் இங்கே வருகிறார்கள். அவரை முன்சீட்டில் உட்கார வைத்து விக்டோரியா மலைப்பகுதியில் வொன்னங்கட்டா பள்ளத்தாக்கு வரை போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு கடையில் கேட்டேன். 4 அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டுத் தர 7,800 டாலர் என்றார்கள். என் கையில் இருப்பது 6,000. பரவாயில்லை, கடன் வாங்கியாவது செய்யலாமா? டர்போ போடலாமா? மூன்று நான்கு வருடத்தில் ஊருக்குத் திரும்பினால் வண்டியைக் கொண்டுபோக முடியுமா? இங்கேயும் வலது பக்க ஸ்டியரிங்தானே.

இன்னொன்று: 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. முன் வலது சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. விற்றவர் பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றார்.

---

பழைய_எண்பது எழுதியது:

தம்பி, நல்ல வாகனம் வாங்கியிருக்கிறீர்கள். நானும் 2003இல் இருந்து ஒரு எண்பதுதான் வைத்திருக்கிறேன், அதே என்ஜின். கடன் வாங்க வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் பார்க்க வேணும்.

முன் அச்சின் இரண்டு முனையிலும், சில்லு திரும்புகிற இடத்தில், பளபளப்பான இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுக் குனிந்து அதை விரலால் ஒருக்கா துடைத்துப் பாருங்கள். கிறீஸ் மெல்லிய படலமாக ஒட்டினால் சரி. கறுப்பாகக் குழம்பு மாதிரி வழிந்தால் உள் சீல் போய், டிஃப் (அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) எண்ணெய் கிறீஸோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓடினால் உள்ளே மூட்டும் பேரிங்கும் தேயும். அந்தத் திருப்பு மூட்டுக்கு (நக்கிள்) மேலும் கீழும் இருக்கிற பேரிங் தளர்ந்தாலும் நீங்கள் சொல்லுகிற உதறல் வரும். சில்லு பலன்ஸையும் பாருங்கள், அது மலிவு. ஆனால் பிசுக்கும் உதறலும் சேர்ந்து வருவதால் என் சந்தேகம் நக்கிளில்தான்.

வொன்னங்கட்டா போக வேணும் என்கிறீர்களே, அங்கே ஆற்றைக் கடக்க வேண்டிவரும். எண்ணெய் வெளியே வருகிற வழியால் தண்ணீர் உள்ளே போகும். சூடான டிஃப் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எங்கே சந்து இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை இழுக்கும். ஆகவே இரண்டு டிஃப்பின் மூச்சுக்குழாயையும் போனற் உயரத்துக்கு நீட்டிவிடுங்கள். செலவு கொஞ்சம், ஒரு சனிக்கிழமை பின்னேரத்து வேலை. இந்த வாகனத்துக்கு நான் செய்த மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

டைமிங் பெல்ட்டுக்கு 1 லட்சம் கிலோமீற்றர் கணக்கு. ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

இனி உயரம். விக்ரோரியாவில் வாகன மாற்றங்களுக்கு விஎஸ்ஐ 8 என்ற அரசு வழிகாட்டி இருக்கிறது, வடிவாக வாசியுங்கள். சஸ்பென்ஷனால் 50 மில்லிமீற்றர், ரயர் விட்டத்தில் 50 கூட (அதனால் வாகனம் உயர்வது 25தான்), ஆக மொத்தம் 75. அதற்கு மேல் போனால் வாஸ் பொறியாளரின் (மாற்றிய வாகனத்தைச் சோதிக்க அனுமதி பெற்றவர்) சான்றிதழ் வேணும். நாலு அங்குலம் என்றால் ரயரைச் சேர்க்காமலே 100 தாண்டிவிட்டது. உங்கள் ரயர் அட்டையில் 275/70 ஆர்16 என்று இருந்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 791. 285/75 ஆர்16 போட்டால் 834. கூடுவது 43, சட்டத்துக்குள். 35 அங்குலம் உள்ளே வராது. மீற்றர் இப்போது சரியாகக் காட்டுகிறது என்றால், 285 போட்ட பிறகு அது 100 காட்டும்போது உண்மையில் 105க்கு மேல் போவீர்கள், வேகக் கமெராவுக்குக் கவனம்.

2011இல் நான் ஒரு கராஜில் 2 அங்குலம் உயர்த்தினேன். உயர்த்தினால் முன் அச்சின் காஸ்டர் கோணம் (ஸ்ரியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிற சாய்வு) குறையும், அதைச் சரிசெய்யிற புஷ் போட வேணும். அவர்கள் போடவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. ஹியூம் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு சிட்னி போகிறேன். ஸ்ரியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ஒவ்வொரு லொறி கடக்கும்போதும் வாகனம் அலைகிறது. வங்கரட்டாவில் நிறுத்தினபோது கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து வாகனத்தைத் தூக்கிப் பார்த்தால், அச்சு முழுதாகத் தொங்கும்போது பின் பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நிற்கிறது. யாரிடம் வேலை கொடுத்தாலும் காஸ்டர் புஷ், ஹோஸ் நீளம் இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

டர்போ வேண்டாம். 1எச்இசட் அதற்காகச் செய்த என்ஜின் இல்லை; கவனமில்லாமல் டீசலைக் கூட்டி ஓடினால் சூட்டில் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். என்ன மாற்றினாலும் காப்புறுதிக்காரருக்கு அறிவித்துவிடுங்கள்.

---

வெண்பா_கீலாங் எழுதியது:

அண்ணா சொன்னதெல்லாம் சரி. எங்களிடம் இருப்பது 1998 பஜேரோ, அதை ஒரு அங்குலம்கூட உயர்த்தவில்லை. டயரில் காற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கற்பாதையில் 25 பிஎஸ்ஐ, மணலில் 16, 18. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், அதனால் நல்ல கம்ப்ரஸர் ஒன்று வாங்குங்கள். யூஎச்எஃப் ரேடியோவும் வேண்டும், மலைக்குள் போன் எடுக்காது.

வண்டி மாட்டிக்கொண்டால் டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் பின்பக்க உருண்டை) பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்து குண்டு மாதிரி பறக்கும். இங்கே உயிரே போயிருக்கிறது. சேஸிஸில் போல்ட் போட்ட, எடை குறித்த இழுவைக் கொக்கி வாங்கிப் பொருத்துங்கள். முதல் தடவை தனி வண்டியாகப் போகாதீர்கள். டூலங்கி காட்டில் ஒரு நாள் பழகுங்கள், நாங்களும் வருகிறோம்.

ஊருக்குக் கொண்டுபோவது நடக்காது சகோ. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது உதவும்.

---

போடிமெட்டு எழுதியது:

அண்ணா, வெண்பா அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஊருக்குக் கொண்டுபோக முடியாது என்று படித்ததும் மனசு கொஞ்சம் கனத்தது. சரி, இருக்கும் வரை இங்கேயே ஓட்டுவோம்.

சனிக்கிழமை விரலால் துடைத்துப் பார்த்தேன். குழம்பேதான். கூட வேலை செய்கிற நண்பரின் கராஜில் இரண்டு பக்கமும் பிரித்தோம், இரண்டு முழு நாள் ஆனது. வலது பக்கம் கீழ் பேரிங்கின் கிண்ணத்தில் உருளைகள் பதிந்த தழும்பு வரிவரியாகத் தெரிந்தது. வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். "தொடச்சிட்டுக் காதுகிட்ட வச்சு சுத்திப் பாரு, கரகரன்னா மாத்து" என்றார். கரகரத்தது. சீல், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது 100இல் கூட உதறல் இல்லை.

அடுத்த வாரம் மூச்சுக்குழாய், அப்புறம் டைமிங் பெல்ட். 285 டயரும் 50 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கும் ஜனவரியில். அண்ணா, புல் பார் (முன்பக்க இரும்புத் தடுப்பு) இன்னும் போடவில்லை. ஸ்பிரிங்கை இப்போதைய எடைக்கு வாங்குவதா, பார் வரும் என்று கணக்குப் போட்டு வாங்குவதா?

---

பழைய_எண்பது எழுதியது:

இப்போதைய எடைக்கே வாங்குங்கள் தம்பி. பார் இல்லாமல் கனமான ஸ்பிரிங் போட்டால் முன்பக்கம் கல்லு மாதிரி இருக்கும், 50ஐயும் தாண்டி நிற்கும். அப்பாவுக்கு இடுப்பு நோகும். டூலங்கிக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் வாறேன்.